ஒரே தலை, இரண்டு படம்

மூட்டைக்காரருக்குப் பாரம் புதிதில்லை. லாரியில் வந்ததெல்லாம் அவர் முதுகு வழியாகத்தான் கிடங்குக்குள் போகும். ஆனால் டாக்டர் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் அவரால் எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.

"கழுத்துல கத்தி வைக்க வேண்டி வரலாம்."

கழுத்து அவருடையதல்ல, மனைவியுடையது. சலவைக்கூடத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவளுக்குத் திடீரென்று வலது கை மரத்து, பேச்சுக் குழறி, கொஞ்ச நேரத்தில் தானாகவே சரியாகிவிட்டது. மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் ஒன்று கழுத்தில் சுருங்கியிருக்கிறதாம். மருந்து ஏற்றிப் படம் எடுக்கலாமென்றால் அவள் சிறுநீரகம் தாங்காது. அதனால் ஊசியே போடாத ஸ்கேன். முதல் படத்தில் இடப்பக்கம் மட்டும் ரத்தம் சற்றுக் குறைவு, மாத்திரை போதும் என்றார்கள். மறுவாரம் எடுத்த படத்திலோ தலை முழுக்கவே வற்றிப்போயிருந்தது.

"இவ்ளோ வேகமா இறங்குதுன்னா காத்திருக்கிறது ஆபத்து," என்றார் டாக்டர். "ஆபரேஷன் பண்றதும் ஆபத்துதான்."

"நான் நல்லாத்தானேங்க இருக்கேன்?" என்றாள் மனைவி. "போன வாரத்தவிட இந்த வாரம் அதிகமா தேய்ச்சிருக்கேன். வேணும்னா உங்க கோட்டக் குடுங்க, காட்டுறேன்."

ஸ்கேன் எடுக்கும் பெண்ணுக்கும் மனசு ஒப்பவில்லை. "எறங்கினது அம்மாவோட ரத்தமா, இல்ல நம்ம மெஷினோட நாணயமான்னு தெரியணும் டாக்டர். நோய் இல்லாத தலை ஒண்ண ஒரே நாள்ல ரெண்டு தடவ எடுத்துப் பாப்போம். ரெண்டும் ஒத்து வந்தா மெஷின நம்பலாம்."

"என் தலைய எடுத்துக்கங்க," என்றார் மூட்டைக்காரர்.

"அத எடுத்து என்ன பண்ணுவாங்க, பாவம்," என்றாள் மனைவி. குரலில் கேலி இருந்தாலும் கை அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தது.

குளிர்ந்த அறை. பெல்ட்டைக் கழற்றி, பையைக் காலி பண்ணி, குழாய் மாதிரி இருந்த மெஷினுக்குள் படுக்கவைத்தார்கள். தகரத்தைச் சம்மட்டியால் அடிப்பதுபோல் ஒரே இரைச்சல். முடிந்ததும் அவர் கேட்டார், "ஊசியில்ல, மருந்தில்ல. பிறகு உள்ள ஓடுறது எப்படிம்மா தெரியுது?"

"உங்க ரத்தத்துல தண்ணி இருக்குல்லய்யா, அதுக்குக் கழுத்துகிட்டயே காந்தத்தால அடையாளம் வைக்கிறோம். அது மூளையில எங்க போய்ச் சேருதுன்னு ஒரு படம். அடையாளம் வைக்காம ஒரு படம். ஒண்ணுலேர்ந்து ஒண்ணக் கழிச்சா மிஞ்சுறதுதான் கணக்கு."

"அடையாளம் தலைக்குள்ளயே நின்னுடுமா?"

"ரெண்டு மூணு மூச்சு விடுறதுக்குள்ள அழிஞ்சிரும்."

அவர் கிடங்கை நினைத்துக்கொண்டார். சாக்கில் போட்ட மைக்குறி மழையில் நனைந்தும் போகாது. ஓடுகிற தண்ணீரில் குறி வைத்து, அது அழிவதற்குள் போய்ச் சேர்ந்த இடத்தையும் பார்த்துவிடுகிறார்களே!

"மத்தியானம் மறுபடி எடுப்போம். அதுவரைக்கும் எதுவும் சாப்பிடாதீங்க," என்று அனுப்பினாள் அந்தப் பெண்.

மத்தியானப் படம் திரையில் வந்ததும் அவள் முகம் சுண்டிப்போனது. காலையில் இருந்ததைவிட நன்றாகவே குறைவு, அதுவும் தலை முழுக்க. மெஷின் நேரத்துக்கொரு பேச்சுப் பேசுகிறதென்றால், மனைவியின் எந்தப் படத்தை நம்பிக் கத்தி எடுப்பது, எதை நம்பி எடுக்காமலிருப்பது? அவள் மூட்டைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"நடுவுல என்ன சாப்பிட்டீங்க?"

"பல்லுல ஒண்ணும் படலம்மா."

"மாத்திரை? பீடி?"

"அதெல்லாம் கிடையாது. டீ மட்டும்தான்."

"டீயா?"

"டீ எப்பம்மா சாப்பாட்டுல சேந்துச்சு? லாரி வந்தா ஒரு டீ, லோடு எறக்கினா ஒரு டீ. எங்களுக்கு அது வேர்வை தொடைக்கிற மாதிரி. இன்னைக்கு லோடு இல்ல, பயம் இருந்துச்சு. அதான் கொஞ்சம் ஸ்ட்ராங்கா ஊத்தச் சொன்னேன்."

அவள் நெற்றியில் கை வைத்துச் சிரித்தே விட்டாள். "டீ குடிச்சா மூளைக்குப் போற ரத்தம் கொஞ்ச நேரத்துக்குக் குறையும்யா. நான்தான் தெளிவாச் சொல்லியிருக்கணும். மெஷின் பொய் சொல்லல. நீங்க குடிச்ச டீயப் பாத்திருச்சு."

அவர் கை தானாக உச்சந்தலைக்குப் போனது. தெருமுனையில் நின்று குடித்தது இத்தனை தூரம் ஏறியிருக்கிறது. அதையும் ஒரு மெஷின் உட்கார்ந்து கண்டுபிடித்திருக்கிறது. பிறகுதான் சுருக்கென்றது. இரண்டாவது படம் எடுக்க வந்த அன்றைக்கு வரிசை நகரவில்லையென்று மனைவிக்கு டீ வாங்கி வந்து கொடுத்தது யார்? முதல் தடவை வந்தபோது கடையே திறந்திருக்கவில்லை.

அவர் அதைச் சொன்னதும், மறுநாளே டீ இல்லாமல் மனைவிக்கு மூன்றாவது ஸ்கேன். "எந்தக் குத்தத்துக்கு இந்தத் தண்டனை?" என்று முணுமுணுத்துக்கொண்டே மனைவி உள்ளே போனாள். டாக்டர் அவரைத் திரைக்குப் பக்கத்தில் நிற்கவிட்டார். படம் மெல்ல நிறம் பிடித்தது. தன் பக்கத்துத் தலையணையில் காலமெல்லாம் கிடந்த தலை, உள்ளே இப்படியா விளக்காக எரிந்துகொண்டிருந்தது? திரையை நோக்கி ஓரடி நகர்ந்தார்.

"முதல் படத்தோட ஒத்து வருது," என்றாள் ஸ்கேன் எடுக்கும் பெண். "துளி முன்னபின்ன இருக்கு. ஓடுற ரத்தம்தானே, இருக்கத்தான் செய்யும்."

டாக்டர் இரண்டு படங்களையும் நெடுநேரம் பார்த்தார். "இப்ப கத்தி வேண்டாம். மாத்திரைய விடாமக் குடுங்க. சில மாசம் கழிச்சுத் திரும்பப் பாப்போம்."

வெளியே வந்த மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். அவர் தன் கழுத்தைத் தொட்டுக் காட்டினார். கத்தி இல்லை என்று தலையை ஆட்டினார். அதுவரை வாயாடிக்கொண்டிருந்தவள் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உள்ள எப்படிங்க இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"ஊரு பூரா விளக்கு வச்ச மாதிரி. இடப்பக்கம் கொஞ்சம் மங்கல்தான். ஆனா அங்கயும் போய்ச் சேருது. ஒரு சந்து விடல."

அவள் தளும்பத் தளும்ப நிறைந்த குடத்தைச் சுமப்பவள்போல், தலையை அசைக்காமல் உட்கார்ந்திருந்தாள்.