சந்தனராஜின் நாற்பத்தெட்டு கார்டு

இலுப்பூர் மரிய அந்தோணி பாண்டு செட்டில் பதினோரு வருஷம் கிளாரினெட் ஊதிய ஆவூர் சந்தனராஜ், ஐம்பத்தெட்டாம் வருஷம் ஐப்பசியில் செட்டை விட்டு விலகினான். கூலித் தகராறு ஒன்றுமில்லை. ஊதுகிறவன் அவன், பேர் மட்டும் டிரம்மில் பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறவனுக்கு. கல்யாண வீட்டில் சாப்பிட்டு ஏப்பம் விட்டவன் எல்லாம் "அந்தோணி செட்டு பிரமாதம்" என்றுதான் சொன்னான். அந்தோணி அடிக்கிற டிரம்மைக் கையும் காலும் உள்ள எவனும் அடிக்கலாம். ஒரே ஒரு தை மாசக் கல்யாணம், 'சந்தனராஜைக் கூப்பிடு' என்று அவன் பேரைச் சொல்லி வர வேண்டும். வராவிட்டால் பழையபடி அந்தோணி முன்னால் போய் நிற்க வேண்டும். அதைவிடச் சந்தனராஜ் கிணற்றில் குதித்துவிடுவான்; அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவனுக்கு வழி சொல்ல வந்தவன் ராமு. ஏதோ ஓர் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவன். எந்த ஆபீஸ், ஏன் இப்போது அதில் இல்லை என்று அவன் சொன்னதில்லை. இப்படிப்பட்டவர்கள்தான் ஊருக்கு யோசனை சொல்கிறார்கள்.

"நோட்டு இருக்கா? யார் வீட்ல எப்பக் கல்யாணம்னு விலாசம் இருக்கா? ரப்பர் ஸ்டாம்பு இருக்கா?" என்று கேட்டான் ராமு. "ஒண்ணுமில்லாம கொழலை மட்டும் கையில வச்சுக்கிட்டு நான் தனி வித்வான்னா எவன் நம்புவான்?"

சந்தனராஜ் நம்பினான். புதுக்கோட்டைக்குப் போய் நீள நோட்டு வாங்கினான். 'ஆவூர் கிளாரினெட் சந்தனராஜ்' என்று கட்டை விரல் தடிமனுக்கு ரப்பர் ஸ்டாம்பு செய்தான். ஊதா மை வெளுத்துப் போகும் என்று ராமு சொன்னதால் மைப்பெட்டியும் கறுப்பாகவே வாங்கினான். கல்யாணத்துக்குப் பெண் வைத்திருக்கிற வீடுகளை விசாரித்து நாற்பத்தேழு விலாசம் எழுதி முடிக்க ஒரு மாசம் ஆனது. அந்த மாசம் முழுக்க கிளாரினெட் பெட்டிக்குள் கிடந்தது. நேரம் ஏது?

பிறகு தபால் கார்டு வாங்கினார்கள். கார்டுக்கு மேலே ஸ்டாம்பு. அதற்குக் கீழே, தனியாகக் கல்யாணங்களுக்கு வாசிக்கத் தயாராயிருக்கிற விவரத்தை ராமு எறும்பு ஊர்கிற மாதிரிப் பொடி எழுத்தில் எழுதினான். நோட்டில் பதிந்த விலாசத்துக்கு மறுபடி எழுதிவிடக் கூடாதே என்று, முடித்த கார்டின் மூலையில் சந்தனராஜ் கட்டை விரலால் மையைத் தொட்டு ஓர் இழுப்பு இழுத்து வைத்தான்.

அவன் பெண்டாட்டி அமலராணி அடுப்படியிலிருந்து வந்து பார்த்தாள்.

"ஏங்க, மூலையில கறுப்பு தடவியிருக்கீங்க?"

"அது பதிவு அடையாளம். ஆபீஸ் மொறை. ஒனக்கு வெளங்காது, போ."

நல்ல காரியக் கடிதாசிக்கு நாலு மூலையிலும் மஞ்சள், சாவுக் கடிதாசிக்கு மூலையில் கறுப்பு. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காதவனுக்கும் தெரியும். கறுப்பைக் கண்டால் வாசலில் நின்றபடி பேரை மட்டும் படிப்பார்கள், கிழித்து எறிவார்கள், தலை முழுகிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். சந்தனராஜுக்கும் தெரியும். ஆனால் ஒழுங்கு தலைக்கேறியவனுக்கு நோட்டுதான் கண்ணுக்குத் தெரியும். வயிற்றெரிச்சல் படட்டும் என்று நாற்பத்தெட்டாவதாகக் கடைசிக் கார்டை மரிய அந்தோணிக்கே போட்டான்.

மூன்றாம் நாள் மத்தியானம் தெருவில் பாண்டு சத்தம். சாவுக்கு வாசிக்கிற இழுவை. சந்தனராஜ் எண்ணெய் வழிகிற தலையோடு காது கொடுத்துக் கேட்டான். கிளாரினெட் சுருதி சேரவில்லை.

"எவன் செத்தானோ, இந்த வாசிப்பக் கேட்டா எந்திரிச்சு ஓடிப்போவான்" என்று சொல்லிக்கொண்டே வெளியே வந்தான்.

வாசலில் அந்தோணி செட்டு. அந்தோணி ஒரு கையில் மாலை, மறு கையில் டிரம் குச்சி. கண் சிவந்திருந்தது. சந்தனராஜைப் பார்த்ததும் டிரம் குச்சி கீழே விழுந்தது.

"டேய், நீ சாகலையா?"

"நான் ஏன்ணே சாகணும்?"

"நீதானடா கார்டு போட்ட! கறுப்ப வச்சு, பேரப் போட்டு!" அந்தோணிக்கு அழுகை போய் ஆத்திரம் வந்தது. "ஆறு பேரு பஸ்ஸு புடிச்சு வந்திருக்கோம். புதுக் கைலி வேற கட்டியிருக்கேன்."

அமலராணி மாலையையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆபீஸ் மொறை" என்று சொல்லிவிட்டு ஆறு பேருக்கும் காப்பி போட உள்ளே போனாள்.

மற்ற நாற்பத்தேழு கார்டும் என்ன வேலை செய்திருக்கும் என்று அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. மறுநாளே திருமயம் பக்கம் ஓடினான். அங்கே உடையப்பன் செட்டியார் வீட்டில் தையில் கல்யாணம். அவன் நோட்டில் முதல் விலாசமே அதுதான். கணக்கப்பிள்ளை வாசலிலேயே நிறுத்தினார்.

"யாரு? பாண்டுக்காரரா? நேத்தே இலுப்பூருக்குச் சொல்லிவிட்டாச்சு. ஆவூர்ல ஒரு கிளாரினெட்காரரு இருந்தாராம், சந்தனராஜுன்னு. பாவம், போய்ட்டாரு. கல்யாண வீட்டுக்குச் சாவுக் கடிதாசி! ஆச்சி தலை முழுகிட்டு இன்னும் திட்டிக்கிட்டிருக்காக. செத்தவரு பொழச்சாரு, இல்லேன்னா செட்டியாரே அடிச்சுக் கொன்னுருப்பாக. நீங்க எந்த ஊரு?"

சந்தனராஜ் வாயைத் திறந்தான். உள்ளே ஆச்சியின் குரல் இன்னும் கேட்டது.

"இலுப்பூர் செட்டுங்க" என்றான்.

அன்று சாயங்காலமே இலுப்பூரில் அந்தோணி முன்னால் நின்றான். கிணற்றில் குதிக்கவில்லை. அந்தோணி மூன்று வெற்றிலையை மென்று துப்பினான்.

"சரி, வா. ஆனா அந்தச் செட்டியார் வீட்ல ஓம் பேர மட்டும் சொல்லிப்புடாத. செவத்தியான்னு சொல்லிக்க."

தையில் மாப்பிள்ளை அழைப்புக்குச் செவத்தியான் ஊதினான். ஒரு மாசத் துருவை உதறிவிட்டு, பதினோரு வருஷத்தில் ஊதாத ஊதல் ஊதினான். ஊர்வலம் நகராமல் நின்றது. உடையப்பன் செட்டியார் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவன் பக்கத்திலேயே வந்து கேட்டார். முடிந்ததும் தலையை ஆட்டினார்.

"நல்லாத்தான் ஊதுறீக. ஆனா ஆவூர்ல சந்தனராஜுன்னு ஒருத்தன் இருந்தானாம். அவன மாதிரி வராதுன்னு இந்தப் பக்கமெல்லாம் பேசிக்கிறாக. நமக்குக் கொடுத்து வைக்கல."

அந்தோணி இருமிக்கொண்டு அங்கிட்டுத் திரும்பிக்கொண்டான்.

"ஆமாங்கய்யா" என்றான் சந்தனராஜ். "நான் கேட்டிருக்கேன்."