லாயத்தின் கடைசி அறை

அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, வயல்களுக்கு நடுவில் இருந்தது சிவகணேஷின் பண்ணை வீடு. பின்பக்கத்துக் குதிரை லாயத்தை விருந்தினர் அறைகளாக மாற்றி, அதன் வரலாற்றை வாசலில் பலகையாக வைக்க அவருக்கு ஆசை. அந்த வேலைக்கு மேலப்பாளையத்திலிருந்து இஷ்ரத் வந்தாள். பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கும் ஆர்க்கிடெக்ட்.

வரிசையாக இருந்த அறைகள் குதிரைக்குக் கட்டியவை என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. கருங்கல் சுவர், புல் போடும் தொட்டி, மூத்திரம் வடியச் சரிந்த தரை. கடைசி அறை மட்டும் பின்னால் செங்கல்லில் கட்டிச் சேர்த்தது. தொட்டி இல்லை, குதிரை நுழைய முடியாத ஒடுங்கிய வாசல். தாழ்ப்பாள் வெளிப்பக்கம். சுவரில் முழங்கால் உயரத்தில் இரும்பு வளையங்கள். அளவெடுத்து முடித்ததும் இஷ்ரத் வேகமாக வெளியே வந்தாள்.

“அண்ணாச்சி, இது குதிரைக்குக் கட்டுனது இல்ல.”

“சாமான் போட்டிருப்பாவ.”

முற்றத்தில் உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா சண்முகசுந்தரி நிமிர்ந்தாள்.

“சாமானுக்கு எதுக்குலே வளையம்? கூலி கூடக் கேட்ட ஆளுகள உங்க தாத்தா அங்கனதான் கட்டிப் போடுவாவ. நான் கல்யாணமாகி வந்த வருசம் சுடலைன்னு ஒருத்தன் கெடந்தான். பெறகு அவன் காலூனி நடக்கவே இல்ல.”

“நீ சும்மா இரும்மா,” என்றார் சிவகணேஷ்.

அடுத்த வாரம் இஷ்ரத் வந்தபோது அந்த அறை இல்லை. செங்கல் குவியல்தான் கிடந்தது.

“ஒழுகிச்சு. இடிச்சிட்டேன்,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். “வரைபடத்துலருந்தும் அந்த அறைய எடுத்திருங்க.”

“எடுக்க மாட்டேன். வேற ஆளப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி.”

அவள் விசாரித்து, ஆற்றுக்கு அக்கரை ஊரில் சுடலையின் மகளைக் கண்டுபிடித்தாள். அறுபதைத் தொடும் அந்த அம்மாள் பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இஷ்ரத் வரைபடத்தை விரித்து எல்லாவற்றையும் சொன்னாள். வளையங்கள் இருந்த இடத்தை அந்த அம்மாள் விரலால் தொட்டுப் பார்த்தாள்.

“எங்கய்யா வாயத் தொறந்து ஒண்ணும் சொன்னதில்ல. சாகுற வரைக்கும் கதவச் சாத்தவே விட மாட்டாவ.” பிறகு திடீரென்று கேட்டாள்: “அவுகளா கட்டுனாவ, அவுகளா இடிச்சிட்டாவளா? எங்கள ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலயா தாயி?”

இஷ்ரத் வரைபடத்தைச் சுருட்டி அந்த அம்மாள் கையிலேயே கொடுத்துவிட்டு பஸ் ஏறினாள்.