உறுதிமொழிக்கு நீளாத கை

ஒற்றைக் கையால் கொண்டை போட்டுப் பார்த்தால்தான் என் எரிச்சல் புரியும். நாற்பத்தெட்டு வயதில் வலது கை தோள் மட்டத்துக்கே வரமாட்டேன் என்கிறது. ரவிக்கை மாட்டி முடிப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடுகிறது. ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் எனக்கு வேலை. ஊரார் புண்ணுக்கெல்லாம் துணி மடிக்கிறேன். என் தோளைத் தொட்டுப் பார்க்க ஓர் ஆளில்லை.

"துணிக்கட்டைத் தூக்கி மேல் ரேக்குல வைக்க முடியலன்னா வேற ஆள்தான் போடணும்க்கா" என்று சூப்பர்வைசர் நவநீதகிருஷ்ணன் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். என் கையைப் பார்த்துப் பேசியவன் அவன் ஒருத்தன்தான்.

என் உடம்பில் எச்.ஐ.வி. இருக்கிறது. கொடுத்த புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்தக் கோபம் தீர்ந்து பல வருஷமாகிறது. கம்பெனியில் யாருக்கும் தெரியாது. மாத்திரை வாங்க ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள எச்.ஐ.வி. சிகிச்சை மையத்துக்குப் பஸ் ஏறுவேன். அங்கே கைவலியைச் சொன்னால் டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து கண்ணை எடுக்காமல், "வைரஸ் கட்டுப்பாட்டுல இருக்கு, நீங்க சூப்பரா இருக்கீங்க. இந்த நோயோட இருந்தா அங்கங்க வலிக்கத்தான் செய்யும்" என்பார். எலும்பு டாக்டரிடம் போனேன். சீட்டில் நோயின் பேரைப் பார்த்ததும் அவருடைய நாற்காலி பின்னால் நகர்ந்தது. "மாத்திரை வாங்குற இடத்துலயே காட்டுங்கம்மா" என்றார். இரண்டு பேரிடமும் திரும்பத் திரும்பப் போய்ப் பார்த்துவிட்டேன். மையத்தில் ஆலோசனை சொல்லும் கவுன்சிலர் ஷீனா நல்ல பெண்தான். "மனச லேசா வச்சுக்கோங்கக்கா" என்றாள். மனது லேசாகத்தான் இருந்தது. கனத்தது கைதான்.

டிசம்பரில் எய்ட்ஸ் தினத்துக்காக அந்த மையத்துக் கூடத்தில், மாத்திரை வாங்கும் எங்களுக்கும் அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் மட்டும் ஒரு கூட்டம் வைத்தார்கள்.

"பரிபூரணம் அக்கா, நல்லாருக்கேன்னு மேடையில ரெண்டு வார்த்தை பேசுங்க. மத்தவங்களுக்குத் தைரியம் வரும்" என்றாள் ஷீனா.

சிறப்பு விருந்தினர் அதே எலும்பு டாக்டர் என்று கேள்விப்பட்டுத்தான் ஒத்துக்கொண்டேன். எப்படியாவது அவரிடம் கையைக் காட்டிவிட வேண்டும். வேலை போனால் சாப்பாட்டுக்கு என்ன வழி?

மேடையில் டாக்டருக்குப் பக்கத்திலேயே என்னை உட்கார வைத்தார்கள். முதலில் உறுதிமொழி. எல்லாரும் எழுந்து வலது கையை முன்னால் நீட்டினார்கள். டாக்டர் மைக்கில் வாசித்தார். "எச்.ஐ.வி. உள்ளவர்களை ஒதுக்க மாட்டேன்." கூட்டம் திருப்பிச் சொன்னது. என் கை மட்டும் இடுப்போடு நின்றது.

"அக்கா, கை" என்றார் போட்டோக்காரர். பக்கத்தில் நின்ற ஷீனா என் முழங்கையைப் பிடித்து மேலே தூக்கினாள். உயிர் போய் வந்தது. நான் கத்தியது மைக்கில் கேட்டது.

"என்னாச்சும்மா?" என்றார் டாக்டர்.

"கை வரமாட்டேங்கு. இதக் காட்டத்தான உங்ககிட்ட வந்தேன்? ஒதுக்க மாட்டேன்னு இப்பதான சொன்னீக. பாருங்க."

"கூட்டம் முடியட்டுமே."

"முடிஞ்சா நீங்க கார் ஏறிருவீக." ஒரு நாற்காலியை இழுத்து அவர் முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அவர் கூடத்தைப் பார்த்தார். சிலர் நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. பிறகு ஷீனா பக்கம் சாய்ந்து, "கிளவுஸ் இருக்கா?" என்று கேட்டார். மைக் அதையும் விட்டுவைக்கவில்லை.

"தோள்ல புண்ணு எதுவும் இல்ல சார். வலிதான் இருக்கு. வலி ஒட்டாது."

அவர் முகம் சிவந்துவிட்டது. வெறுங்கையால்தான் தொட்டார். கையைப் பக்கவாட்டில் திருப்பினார், முதுகுப் பக்கம் கொண்டுபோனார். நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். சற்று நேரத்தில் அவர் முகம் மாறி, வெறும் டாக்டர் முகமாக ஆனது.

"தோள் இறுகிப்போச்சு. உங்க வயசுப் பொம்பளைங்களுக்கு வர்றதுதான், அந்த நோய் இல்லாதவங்களுக்கும் வரும். பயிற்சி சொல்லித் தர்றேன், சரியாயிரும். ஆனா ரொம்ப நாள் பிடிக்கும்." கையை மெதுவாக என் மடியில் வைத்தார். "இம்புட்டு முத்த விட்டுட்டீங்களேம்மா. ஆரம்பத்துலயே வந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

ஷீனா கேட்ட அந்த ரெண்டு வார்த்தை இன்னும் பாக்கி இருந்தது. இடது கையால் மைக்கை இழுத்தேன்.

"சொன்னேன் சார்" என்றேன்.