கடவுளுக்கு மட்டும் பெயர் தெரிந்த பிள்ளை

கெனோவெஃபாவுக்கு நாக்கு நீளம். மலையடிவாரத்துச் சானடோரியத்தின் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். அவள் வாயில் விழாதவர்கள் அங்கே யாருமில்லை. பெரிய டாக்டரே போர்வை வேண்டுமென்றால் ஆள்தான் அனுப்புவார்.

அப்பேர்ப்பட்டவள் மார்ச் மாதம், மாதாவுக்குத் தேவதூதர் சேதி சொன்ன மங்கள வார்த்தை திருநாளன்று, கோவிலில் நாற்பது பேரோடு மண்டியிட்டு வாக்குக் கொடுத்தாள். எங்கோ ஒருத்தி வயிற்றில் கலைக்கப்படும் ஆபத்தில் ஒரு பிள்ளை இருக்கிறது. அதன் பெயர் கடவுளுக்கு மட்டும்தான் தெரியும். அது பிழைத்துப் பிறக்க வேண்டுமென்று ஒன்பது மாதம், தினமும் செபமாலையில் பத்து மணி உருட்டிச் செபம் சொல்ல வேண்டும். கூடவே ஒரு ஒறுத்தல். மற்றவர்கள் சர்க்கரையை விட்டார்கள், பீரை விட்டார்கள்.

"நீ திட்டுறதை விட்டுடேன் கெனியா," என்றார் பங்குச்சாமியார். "ஊரே உனக்காகச் செபிக்கும்."

வாயைக் கட்டுவதற்கு வயிற்றைக் கட்டுவதே தேவலை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. ஆனாலும் கட்டினாள். கட்டக் கட்ட, அந்தப் பிள்ளை வர ஆரம்பித்தது. முதலில் கனவில் வந்தது. அப்புறம் பட்டப்பகலிலேயே, சலவை ஆவி மூடிய கூடத்தில், காயும் விரிப்புகளுக்கு நடுவே சின்னதாக ஏதோ நடந்துபோனது. வீட்டுக்குப் போகும் வழியில் பாலத்தில் நடக்கும்போது, அதற்காகப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நடந்தாள். அதற்கு முகம் மட்டும் இல்லை.

ஏன் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

மே மாதம் ஒரு திங்கட்கிழமை, மால்வினாவோடு விரிப்பு மடித்துக்கொண்டிருந்தாள். மால்வினாவுக்கு இருபத்துமூன்று வயது. பெரிய விரிப்புக்கு இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, கிட்டே வந்து சேர்த்து, மறுபடி விலகிப் போக வேண்டும்.

"அக்கா, எனக்கு ரெண்டு மாசம்," என்றாள் மால்வினா, கிட்டே வந்தபோது. விலகிப் போனாள். திரும்ப வந்தாள். "வியாழக்கிழமை பஸ். இங்க சட்டம் விடாது, எல்லை தாண்டி ஸ்லோவாக்கியாவுல டாக்டர்கிட்ட பேசியாச்சு. அவன் நார்வேக்குப் போனவன், போனையே எடுக்க மாட்டேங்கிறான்."

கெனோவெஃபாவின் நாக்கு நுனியில் ஒரு வண்டி வசவு வந்து நின்றது. அவனுக்குப் பாதி, இவளுக்குப் பாதி. எல்லாவற்றையும் விழுங்கினாள். இவள் பேசாமலிருக்க, அவள் பேசினாள். போய்விட்டு வா என்கிறாளாம் தோழி. பெற்றால் வீட்டுப்படி ஏறாதே என்கிறாளாம் அம்மா, கலைத்தாலும் ஏறாதே என்கிறாளாம்.

"அந்தச் செபத்தை மார்ச்லதானே ஆரம்பிச்சீங்க? இதுவும் மார்ச்சுதான்." மால்வினா விரிப்பை விடவில்லை. "நீங்க செபிக்கிறது இதுக்குத்தான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போகல."

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணத்தைப் பண்ணு என்கிற உலகம் இது. ஒரே ஒரு பொய்யில் ஒரு உயிர் பிழைக்குமென்றால் யார்தான் சொல்ல மாட்டார்கள்? கெனோவெஃபா வாயைத் திறந்தாள். ஆவிக்குள் அது நின்றுகொண்டிருந்தது, முகமில்லாமல்.

"தெரியாதுடி," என்றாள். "யாருக்குன்னு தெரியாமத்தான் செபிக்கணும். என் கண்ணுல தெரியற பிள்ளை உன்னோடது இல்ல. என்னோடது. எனக்கு அப்ப இருபத்திரண்டு. அந்தக் காலத்துல இந்த ஊர் ஆஸ்பத்திரியிலயே கலைச்சுடுவாங்க, யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. என் வீட்டுக்காரர் வெளியில பேப்பர் படிச்சிட்டிருந்தார். அதுக்கப்புறம் எனக்குப் பிள்ளையே இல்ல."

மால்வினா அடுத்த விரிப்பை எடுத்து இரண்டு முனையை நீட்டினாள். மிச்ச விரிப்புகளையும் மடித்து முடித்தார்கள்.

வியாழக்கிழமை மால்வினா வேலைக்கு வரவில்லை. கெனோவெஃபா மத்தியானச் சாப்பாட்டைத் தொடவில்லை. சானடோரியத்துச் சிற்றாலயத்தின் கல் தரையில் மண்டியிட்டாள். உண்மை பேசி ஒரு உயிரைக் கொன்றுவிட்டேனே என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. மணிகள் விரலில் நகரவே இல்லை. ஜன்னல் வெளிச்சம் தரையில் ஊர்ந்து அவள் முழங்காலைத் தொட்டபோது, பின் பெஞ்சில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள்.

மால்வினாதான். காலில் பயணச் செருப்பு, மடியில் பை.

"எல்லை வரைக்கும் போனேன். அங்கயே இறங்கிட்டேன்," என்றாள். "நீங்க ஆமான்னு சொல்லியிருந்தா இறங்கியிருக்க மாட்டேன். பொய்னு எனக்குத் தெரியாதா? ஆளாளுக்கு எனக்கு வழி சொன்னாங்க. தெரியாதுன்னு சொன்னது நீங்க ஒருத்தர்தான்."

கெனோவெஃபா அழுதாள். பெஞ்சைப் பிடித்து எழுந்தாள்.

"அழுகையெல்லாம் இருக்கட்டும்," என்றாள் மால்வினா. குரல் கடுமையாக இருந்தது. "டிசம்பரோட உங்க ஒன்பது மாசம் முடியுது. நாற்பது பேரும் எழுந்து வீட்டுக்குப் போயிடுவீங்க. பிறந்ததுக்கு அப்புறம் இதை யாரு பார்த்துப்பா?"

நாற்பது பேரில் ஒருவரும் அதை யோசித்ததில்லை. கெனோவெஃபாவும்தான்.

"புதன்கிழமை எனக்கு லீவு," என்றாள் அவள், மெதுவாக. கொஞ்சம் யோசித்தாள். "சனியும் ஞாயிறும் வாங்கிக்கலாம். மத்த நாளைக்கு ராத்திரி ஷிப்டு கேக்கறேன்."