பிரேக் ஆயில் மாற்ற இருவர் வேண்டும்

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் அந்த வருடப் பாதுகாப்பு வாரப் பரிசு ஷாஹுலுக்குத்தான். விழாவில் கொடுத்த ஃபிளாஸ்க்கோடு மனைவி ரமீஸாவை பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு போன அன்றே, கவரைப்பேட்டை ரயில்வே கேட்டில் முன்பிரேக் கைவிட்டது. லீவர் மெத்தென்று கைப்பிடியில் வந்து ஒட்டிக்கொண்டது. பின்பிரேக்கும் அவனுடைய இரண்டு செருப்பும் தேய்ந்து வண்டி நின்றபோது, முன்னால் நின்ற லாரியின் பின்பக்க எழுத்துகளை ரமீஸா மூக்கு உரசும் தூரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். ஃபிளாஸ்க் உடைந்தது.

“இனிமே இந்த வண்டில ஏறுனா ஏன்னு கேளுங்க.”

“நீ கத்துனதுலதான் கை நடுங்கிச்சு,” என்றான் ஷாஹுல். அதோடு பேச்சு நின்றது.

இன்று பழவேற்காட்டில் ரமீஸாவின் சாச்சா மகளுக்கு, அதாவது சித்தப்பா மகளுக்கு, நிக்காஹ். அவள் பஸ்ஸில் தனியாகப் போய் இறங்கினால், பந்தி முடிவதற்குள் சொந்தம் முழுக்க சண்டை விஷயம் தெரிந்துவிடும். மெக்கானிக் மொஹசினோ அதே கல்யாணத்துக்கு நேற்றே போய்விட்டான். பிரேக் ஆயிலைத் தானே மாற்றிவிட ஷாஹுல் காலையிலேயே ஸ்பேனரை எடுத்தான். ஆயில் சிந்தினால் பெயிண்ட்டை அரித்துவிடும் என்று டேங்க்கின் மேல் பழைய லுங்கியைப் போர்த்தினான்.

விஷயம் எளிது. லீவரை அழுத்தினால் குழாயில் உள்ள ஆயில் சக்கரத்தருகே இருக்கும் பிஸ்டனைத் தள்ளும். ஆயில் நசுங்காது, காற்று நசுங்கும். உள்ளே ஒரு குமிழி இருந்தாலும் கையின் பலமெல்லாம் அதை நசுக்குவதிலேயே போய்விடும். ஆகவே ஒருவர் லீவரை அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கீழே உள்ள நிப்பிள் என்ற சிறு நட்டைத் திறந்து, பழைய ஆயிலையும் குமிழியையும் வெளியே விட்டு மூட வேண்டும். மூடிய பிறகுதான் லீவரை விடலாம். முந்திவிட்டால் வெளியே போனது உள்ளே திரும்பும்.

அவன் கூப்பிடாமலே ரமீஸா வந்து லீவரைப் பிடித்தாள். பேசத்தான் இல்லை.

மில் இரைச்சலில் எல்லாமே கைஜாடைதான். முஷ்டியை மூடினால் ‘பிடித்துக்கொள்’, விரித்தால் ‘விடு’. ஷாஹுல் அதையே வீட்டிலும் காட்டினான். நிப்பிளைத் திறந்து முஷ்டியை மூடினான். அவள் உடனே லீவரை விட்டாள். குமிழி வந்த வழியே திரும்பிப் போனது. மறுபடியும் அப்படியே. புது ஆயில் பாதி தீர்ந்தது. லீவர் முன்னைவிட மெத்தென்று ஆனது.

கடைசியில் வாயைத் திறந்தான். “இன்னாத்துக்கு உட்டுக்கினே இருக்கே?”

“கைய மூடுனீங்க. நட்ட மூடிட்டீங்கன்னு உட்டேன்.”

“அது புடின்னு அர்த்தம். மில்லுல எடுபிடிப் பையன் கலியனுக்குக்கூட தெரியும்.”

“அப்ப நிக்காஹுக்குக் கலியனையே கூட்டிக்கினு போங்க.”

ஷாஹுல் குனிந்து நிப்பிளைப் பார்த்துக்கொண்டான். “செரி. புடி. புடிச்சுக்கினே இரு. மூடிட்டேன். இப்ப உடு.”

டீ டிகாஷன் நிறத்தில் வந்த ஆயில் மெல்லத் தெளிந்தது. லீவர் பாதி வழியில் கல்லாக நின்றது. ரமீஸா அதைத் திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். உள்ளே போய்ப் புடவை மாற்றி வந்து பின்னால் ஏறினாள்.

கவரைப்பேட்டை கேட் தூரத்தில் தெரிந்ததுமே அவன் தோளைத் தட்டினாள். “நிறுத்துங்க.”

இரண்டே விரலால் லீவரைத் தொட்டான். வண்டி அடக்கமாக நின்றது. பாராட்டுக்காகத் திரும்பினான். அவள் இறங்கியிருந்தாள்.

“இன்னா? பிரேக்குதான் நல்லா புடிக்குதே.”

“புடிக்குது. அதான் எறங்க முடிஞ்சுது. கேட்டுக்கு அந்தாண்ட நிக்கறேன், வாங்க.”

பழவேற்காட்டில் இருவரும் ஒரே வண்டியில் வந்து இறங்குவதைப் பார்த்த சாச்சா, ரமீஸாவின் வீட்டுக்காரர் ரொம்ப நிதானமாக ஓட்டுகிறவர் என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.