பதினைந்து ஹெச்.பி.

அந்த நகர வளர்ச்சி அலுவலகத்தில் வந்தவர்கள் உட்காரப் போட்டிருந்த நாற்காலிகள் மூன்றும் ஒரே இரும்புச் சட்டத்தில் பொருத்தியவை. ஒருவர் எழுந்தால் மற்ற இருவரும் ஆட வேண்டும். கணேசன் நடு நாற்காலியில் ஆடிக்கொண்டிருந்தார். குடியிருப்புப் பகுதியில் மாவு மில் வைக்கச் சிறப்பு அனுமதி கேட்டு வந்தவர். மழைக்கு முன்னால் விண்ணப்பம் கொடுத்தது. இப்போது மைசூரில் தசரா விளக்குகளையே கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

ரிங் ரோட்டுக்கு உட்புறம் ஒரு லேஅவுட்டில் அவருக்குச் சொந்த வீடு. ஸ்டோர்ஸில் வேலை பார்த்த கம்பெனியை மூடியதும், கோயம்புத்தூரிலிருந்து மாவரைக்கும் மெஷின் ஒன்றை வரவழைத்து, கார் இல்லாத கார் ஷெட்டில் இறக்கி, தார்ப்பாய் போட்டு மூடினார். அனுமதிக் கடிதம் இல்லாமல் மின்சாரக்காரர்கள் பவர் லைன் கொடுக்க மாட்டார்கள். பவர் லைன் வராத மெஷின்மேல் அவர் மனைவி நிர்மலா துணி உலர்த்தினாள்.

மில் ஓடாவிட்டால் வீட்டை வாடகைக்கு விட்டு ஹனூருக்குப் போய், அண்ணன் கந்தசாமியின் மக்காச்சோள மண்டியில் எடைமேடைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியதுதான். சங்கராந்திக்குள் வந்துவிடு, இல்லையென்றால் வேறு ஆள் போட்டுக்கொள்வேன் என்று அண்ணன் சொல்லியிருந்தார். அன்போடுதான் சொன்னார். அந்த அன்பைப் பத்து வயதிலிருந்து அனுபவித்தவர் கணேசன்.

மெஷினுக்கு வேண்டியது ஐந்து ஹெச்.பி. மோட்டார். விண்ணப்பத்தில் அவர் எழுதியது பதினைந்து. எழுதும்போதே நிர்மலா பார்த்துவிட்டாள்.

“ஏனுங்க, மெசினு அஞ்சுதானுங்க?”

“அஞ்சு வேணும்னா அஞ்சுன்னேவா எழுதுவாங்க? பதினஞ்சுன்னு போட்டா, அவங்க வெட்டு வெட்டுன்னு வெட்டி அஞ்சுல வந்து நிப்பாங்க. அவங்களுக்கும் வெட்டுன திருப்தி இருக்கோணுமில்ல?”

“காத்தால ஆறுல இருந்து ராத்திரி பத்து வரைக்கும் ஆரு வந்து அரைக்கப் போறாங்க?”

“அதுவும் வெட்டறதுக்குத்தான் புள்ள. மொளகாயும் அரைப்பேன்னு எழுதியிருக்கறன் பாரு, அது முழுசா அவங்களுக்கே. விட்டுக்குடுக்கறதுக்குக் கையில ஏதாச்சும் வேண்டாமா?”

மண்டியில் வளர்ந்தவர். முதலில் சொல்லும் விலை என்பது பேச்சைத் தொடங்க ஒரு கனைப்பு மாதிரி. அதை யாராவது நம்புவார்கள் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

அலுவலகம் நம்பியது. அறிவிப்பு அச்சடித்து அவர் வீட்டுக் கேட்டிலேயே ஒட்டினார்கள். பதினைந்து ஹெச்.பி., இரவு பத்து மணி, மிளகாய் என்று தெரு முழுக்க நின்று படித்தது. ராகி அரைக்க இனி ஆட்டோ பிடிக்க வேண்டாம் என்று சந்தோஷப்பட்டவர்களே இப்போது கேட்டைக் கடக்கும்போது தும்மிக் காட்டினார்கள். பக்கத்து வீட்டு மல்லம்மா, தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர், எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தார். ஒரே வரி. மில்லே கூடாது.

இன்று அதற்குத்தான் விசாரணை. ஃபைல் பார்க்கும் லிங்கப்பன் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். கொள்ளேகால்காரர், தமிழ் பேசுவார்.

“கணேசண்ணா, உள்ள வாங்க. மேடம் நல்ல மூடுல இருக்காங்க. நீங்க பேசிக் கெடுத்துராதீங்க.”

விசாரணை கன்னடத்தில் நடந்தது. இளம் அதிகாரி, முன்னால் ஃபைல், இந்தப் பக்கம் கணேசன், அந்தப் பக்கம் மல்லம்மா.

“பதினைந்து ஹெச்.பி. கேட்டிருக்கிறீர்கள்?”

“ஆமாம் மேடம்.”

“இரவு பத்து வரை?”

“ஆமாம் மேடம்.”

கணேசன் காத்திருந்தார். அடுத்தது அவர்கள் முறை. ‘பதினைந்தெல்லாம் முடியாது’ என்று ஆரம்பித்தால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். மேடம் பேனா மூடியைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

இது என்ன பேரம் என்று கணேசனுக்குப் புரியவில்லை. “மேடம், பத்து என்றாலும் பரவாயில்லை.”

மேடம் நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தொடர்ந்து எழுதினார்.

“ஏழரை. சரி, கடைசியாக ஐந்து. மிளகாயே வேண்டாம். ஆறு மணிக்கே மூடிவிடுகிறேன்.”

எதிரில் ஆளே இல்லாமல் தன்னோடு தானே பேரம் பேசித் தோற்றுக்கொண்டிருந்தார். மேடம் பேனாவைக் கீழே வைத்தார்.

“ஐந்து போதுமென்றால் பதினைந்து எதற்கு எழுதினீர்கள்?”

“நீங்கள் குறைப்பீர்கள் என்றுதான்.”

கதவோரம் லிங்கப்பன் இருமினார். மேடம் சிரிக்கவில்லை. அவருக்கும் காலையிலிருந்து இதே வேலை. “எழுதியதற்குத்தான் நான் சரி என்றோ இல்லை என்றோ சொல்ல முடியும். அறிவிப்பில் பதினைந்து, ஆட்சேபமும் பதினைந்துக்கு. ஐந்து வேண்டுமென்றால் புது விண்ணப்பம், புது அறிவிப்பு. இது நிராகரிப்பு.”

படிக்கட்டில் இறங்கும்போது மல்லம்மா பின்னாலேயே வந்தார். குண்டலுபேட்டையில் தக்காளி மண்டி வைத்திருந்த வீட்டுப் பெண். தமிழ்நாட்டு லாரிக்காரர்களோடு சண்டை போட்டே தமிழ் கற்றவர்.

“ஏன் கணேசண்ணா, அஞ்சுதான்னு எங்கிட்டே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் அல்லவா?”

“நீங்க மில்லே கூடாதுன்னு எழுதீட்டீங்களே?”

“நீ பதினஞ்சுன்னே. நான் வேண்டவே வேண்டாம்னேன். நடுவுல எங்கியாவது நிக்கும்னு பார்த்தேன். அந்தப் பொண்ணு என்ன, நம்ம ரெண்டு பேரையும் நிஜமாவே நம்பிட்டாள்?”

இருவரும் கீழே வந்தார்கள். பிறகு அங்கேயே, பைக்குகளுக்கு நடுவில், பேசி முடித்தார்கள். ஐந்து ஹெச்.பி. ஒன்பதிலிருந்து ஆறு. மல்லம்மா தூங்கும் இரண்டிலிருந்து நான்கு வரை மெஷின் நிற்கும். மிளகாய் கிடையாது. உள்ளே மாதக்கணக்கில் ஆகாதது வெளியே ஒரு டீ ஆறுவதற்குள் ஆகிவிட்டது. ஆனால் அது செல்லுபடியாகும் இடம் உள்ளேதான்.

இரண்டாம் விண்ணப்பத்தை நிர்மலா எழுதினாள். உள்ளதை உள்ளபடி எழுதினாள். மீண்டும் அறிவிப்பு, கேட்டில் மீண்டும் பசை. மல்லம்மா ஆட்சேபமில்லை என்று கையெழுத்துப் போட்டார். வேறு யாரும் தும்மவில்லை. இடையில் அந்த மேடத்துக்கு மாற்றல் வந்தது. புது சார் வந்தார். ஃபைல் ஒரு மேஜையிலிருந்து அடுத்த மேஜைக்குப் போவதற்குள் தெருவில் சங்கராந்திக்குக் கரும்பு வந்து இறங்கிவிட்டது.

ஒருவழியாக லிங்கப்பன் உத்தரவை நீட்டினார். முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

“அஞ்சு ஹெச்.பி. சாங்ஷன் ஆயிருச்சு. டைம் மட்டும் காலை ஒம்பதுல இருந்து மத்தியானம் ஒண்ணு வரைக்கும்.”

“ஆறுன்னுதானே எழுதியிருந்தோம்? பக்கத்து வீட்டம்மா கையெழுத்தே இருக்குதே?”

“கேட்டது எதையும் புது சார் முழுசாக் குடுக்க மாட்டாருண்ணா. மேல கேள்வி வரும்னு பயம். எந்த ஃபைலானாலும் ஏதாவது ஒண்ணைக் குறைச்சாத்தான் அவருக்குக் கையெழுத்து வரும். நீங்க கொஞ்சம் கூட்டி எழுதியிருக்கலாம்.”

கணேசனுக்குக் கோபம் வரவேண்டிய இடம். அதற்கும் தெம்பு வேண்டுமே.

“அப்பீல் உண்டா?”

“உண்டு. அதுக்கும் காத்திருக்க இதே நாற்காலிதான்.”

வீட்டில் நிர்மலா உத்தரவை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். பின்பக்கம் எதுவும் இல்லை.

“வேலைக்குப் போற வீடுகதான் இங்க பூரா. சாயங்காலம்தான் அரைக்க வருவாங்க,” என்றார் கணேசன். “ஒரு மணிக்கு மூடற மில்லுக்கு ஆரு வருவா? அண்ணனுக்குப் போன் போடட்டுமா?”

 நிர்மலா மெஷின்மேல் உலர்ந்த துணிகளை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

“போடுங்க. வேற ஆள் வெச்சுக்கச் சொல்லீருங்க. அவங்க வராட்டி நாம போறது. சாயங்காலம் நீங்க ஸ்கூட்டர்ல வீடு வீடாப் போயி ராகி, கோதுமை வாங்கிட்டு வாங்க. காத்தால நான் அரைச்சு வெக்கறேன். வாங்கீட்டு வர்றதுக்கு எந்த சார்கிட்டயும் கையெழுத்து வேண்டாம்.”

“இந்த வயசுல வீடு வீடாவா?”

“மண்டியில நிக்கறதுக்கு மட்டும் வேற வயசுங்களா?”

 கணேசன் அண்ணனுக்குப் போன் செய்தார். அண்ணன் அன்போடு நிறையச் சொன்னார். முழுவதையும் கேட்டுவிட்டு வைத்தார்.

பவர் லைன் வந்த அன்று சாயங்காலம் கணேசன் முதலில் மல்லம்மா வீட்டு மணியைத்தான் அடித்தார். மல்லம்மா ராகி டின்னைக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்து, அதன்மேல் கையையும் வைத்துக்கொண்டு நின்றார்.

“கிலோவுக்கு எவ்வளவு?”

கணேசன் சொன்னார். வாங்க நினைத்ததையே சொன்னார். ஒரு ரூபாய் கூட்டிச் சொல்லவும் அவரால் முடியவில்லை.

பேரம் பேச இடமே இல்லாத விலை. மல்லம்மா அடுத்த வார்த்தைக்குக் காத்திருந்தார். வரவில்லை. டின்னிலிருந்து கையை எடுத்துவிட்டு அவர் முகத்தை உற்றுப் பார்த்தார்.

“உடம்பு சரியில்லையா கணேசண்ணா?”

“நல்லாத்தான் இருக்கறன்,” என்று டின்னைத் தூக்கி ஸ்கூட்டரின் முன்னால் வைத்தார். அடுத்த வீட்டில் நாய் குரைத்தது. கேட்டுக்கு வெளியிலிருந்தே கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று வண்டியை மெல்லத் தள்ளிக்கொண்டு போனார்.