அத்தான் கையில் மவுஸ்

முன்னறையில் பெயர்ப்பலகைக் கடை வைத்திருப்பவள் பிடிவாதம் பிடித்து ஒரு லேசர் மெஷின் வாங்கினாள். மரப்பலகையில் எழுத்தைச் சுட்டுப் பொறிக்கும். ஓரத்தை வெட்டியும் தரும். வாங்கியது அவள்தான். ஆனால் வந்திறங்கிய நாளிலிருந்து அதை ஓட்டும் கம்ப்யூட்டருக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவர் அத்தான்.

அவள் கணவனுக்கு அத்தான், அக்கா வீட்டுக்காரர். அவளுக்கு அண்ணன் முறை. கம்ப்யூட்டர் கம்பெனியில் நெடுங்காலம் இருந்தவர். அங்கே ஊழியர்களை ஏற்றி இறக்கும் வண்டிகளைத்தான் அவர் கவனித்துக்கொண்டார் என்பதைக் குடும்பத்தில் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மாப்பிள்ளையை எழுந்திருக்கச் சொல்லும் வாய் அந்த வீட்டில் இன்னும் முளைக்கவில்லை.

பல் மருத்துவர் ஒருவர் ‘அமைதி காக்கவும்’ என்று பலகை கேட்டிருந்தார். அத்தான் பொத்தானை அழுத்துவார். லேசர் தலை பேய் பிடித்த மாதிரி இங்கும் அங்கும் ஓடும், மேஜை கிடுகிடுக்கும். முடிந்ததும் பார்த்தால், பலகையில் டீ சிந்தித் துடைத்தது போல ஒரு மங்கல்.

லேசரின் சக்தியை முழுதாக ஏற்றினார். அப்போதும் மங்கல்தான். மரத்தில் ஈரம் என்றார். வெயிலில் காயவைத்து எடுத்து வந்தாள். கரண்ட் சரியில்லை என்றார். கடைசியில், வாசகமே நீளம், ‘அமைதி’ மட்டும் போதாதா என்று பல் மருத்துவரையே திருத்தப் பார்த்தார்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்க அன்று மாலைதான் கடைசி. கணவன் காலி அட்டைப்பெட்டியைப் பரணிலிருந்து இறக்கித் தூசி தட்டி வைத்துவிட்டான். மெஷின் போனால் மறுபடியும் ஒவ்வொரு பலகையையும் வெளிக் கடையில் கொடுத்துவிட்டு, அவர்கள் தருகிற அன்றைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். அந்தக் காத்துக்கிடப்பிலிருந்து தப்பத்தான் இத்தனை பிடிவாதமும்.

சாப்பிட எழுந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று தட்டு வைத்தாள். அத்தான் தட்டை மடிக்கே வரவழைத்தார். வலது கை சாப்பிட்டது. இடது கை மவுஸை விடவில்லை.

தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். வேகத்துக்கான கட்டத்தில் மூவாயிரம் மில்லிமீட்டர். மெஷினோடு வந்த தாளிலும் அதே மூவாயிரம். ஆனால் தாளில் அது நிமிடத்துக்கு. திரையில், பக்கத்திலேயே பொடி எழுத்தில், விநாடிக்கு. சுடவே நேரம் கொடுக்காமல் ஓடினால் எழுத்து எங்கிருந்து விழும்?

அண்ணே, அது விநாடிக் கணக்கு மாதிரி இருக்கே என்று இழுத்தாள். சாஃப்ட்வேரில் நேரம் என்பது நாம் நினைக்கிற நேரம் இல்லை என்று அத்தான் திரும்பாமலே விளக்கினார். கணவன் தலையாட்டினான். அக்கா கல்யாணத்தன்று ஆரம்பித்த தலையாட்டல் அது.

வாசலில் வண்டி வந்து நின்றது. பார்சல்காரர் பெட்டி தயாரா என்று கேட்டார். கணவன் வயரைப் பிடுங்கக் குனிந்தான்.

“அதுல கை வைக்காதீங்க” என்றாள். பிறகு, “அண்ணே, எழுந்திருங்க.”

“என்னம்மா?”

“எழுந்திருங்கன்னேன். நான் உக்காரணும்.”

கணவன் வயரை விட்டுவிட்டு நிமிர்ந்தான். அத்தான் எழுந்தார். யாரோ சொல்லி எழுந்து அவருக்குப் பழக்கமில்லாததால், மவுஸும் கையோடு கொஞ்ச தூரம் வந்தது.

மூவாயிரத்தை அறுபதால் வகுத்து ஐம்பது என்று போட்டாள். சக்தியைத் தாளில் சொன்ன அளவுக்கு இறக்கினாள். லேசர் தலை நிதானமாக நடந்தது. மெல்லிய புகை, ‘அ’ பழுப்பாக, அழுத்தமாக விழுந்தது.

பார்சல்காரரைப் போகச் சொன்னாள்.

அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். “இதைத்தானே வந்த நாள்லேர்ந்து சொல்லிட்டிருக்கேன், நிதானமா ஓட்டணும்னு” என்றார். கணவன் தலையாட்டினான். பிறகு இருவரும் அக்காவுக்குப் போன் போட்டு, இந்த வீட்டில் பெரியவர்களுக்கு என்ன மரியாதை என்று பேசப் பின்கட்டுக்குப் போனார்கள்.

பலகையின் ஓரத்தை வெட்டும் வேலை பாக்கி. முதல் வெட்டு பாதி மரத்தோடு நின்றுவிட்டது. திரையில் இன்னும் ஏழெட்டுக் கட்டங்கள், ஒன்றும் புரியாமல் கிடந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து போய், முன்னறைக் கதவைச் சாத்தி உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள்.